பதினோரு நொடி

அட்வான்ஸ் ஐயாயிரம் என்றேன்.
மொத்தம் எவ்வளவு என்றார் பெண்ணின் சித்தப்பா.
சொன்னேன்.
"பார்த்துப் பண்ணிக்கலாம்ங்க" என்று
பழைய வாய் தானாக வரப் பார்த்தது.
பல்லுக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டேன்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
பைக்குள் கை போயிற்று.

ஆறு வருஷம் இந்தக் கண்
காவேரிப்பட்டினத்து மாங்கூழ் ஆலையில் இருந்தது.
பெங்களூரா லாரி லாரியாக வரும்.
ஒரு சொட்டுக் கூழைக் கண்ணாடியில் இட்டு
குழலை வெளிச்சத்துக்குத் தூக்கி
ஒரு கண் மூடி
இனிப்பு எத்தனை என்று படிக்க வேண்டும்.
பதினாலு. பதினாலரை. பதினாலு.
"படிச்சுட்டு அதை ஏன் இன்னும் இறக்காம வச்சிருக்கே?"
என்பார் சூப்பர்வைசர் புட்டம்மா.
குழலுக்குள் ஒரு கோடும் எண்களும்தான்.
யாராவது வருவார்களா என்று
கண் அங்கேயே நின்றது.

அதற்கு முன்னால் செய்ததெல்லாம் நினைவிருக்கிறது.
இதய வடிவச் சட்டத்துக்குள் மாமியார்.
ஒகேனக்கல் அருவிக்கு நடுவே
கோட் சூட்டோடு, நனையாமல், மாப்பிள்ளை.
ரோஜா மழை, புறா, மறுபடி ரோஜா.
"இந்தப் பக்கம் பார்த்து இன்னொரு தடவை" என்று
கட்டிய தாலியைத் திரும்பக் கட்டவைத்தவள் நான்.
பர்கூரில் ஒருத்தி
இரண்டாம் தடவை அழ வரவில்லை என்றாள்.
கோபித்துக்கொண்டேன்.
கேமராவைக் கடனுக்காகத்தான் விற்றேன்.
விற்ற அன்று நன்றாகத் தூங்கினேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு யாருடைய கல்யாணத்திலோ
பந்தியில் பாயசத்தை அப்படியே விட்டு எழுந்துபோய்
படம் எடுக்கிற பையனின் தோளைத் தட்டினேன்.
தம்பி, அங்கே, தூணுக்குப் பக்கத்தில், பெண்ணின் அண்ணன்.
அவன் திரும்பவில்லை.
அதற்குள் அந்த முகம் போய்விட்டது.
இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.
மூன்றாம் நாள் ஓசூர் பஸ் ஏறினேன்.
பழைய கேமராதான். பதினெட்டுத் தவணை.

கிருஷ்ணகிரி, சேலம் ரோட்டு மண்டபம்,
ஆவணி, விடிகாலை நாலரை ஆறு முகூர்த்தம்.
கெட்டிமேளத்துக்கு விரல் உயர்ந்தது.
கரண்ட் போனது.

குத்துவிளக்கின் சுடர் மட்டும்
என் லென்ஸில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி.
தவிலுக்கு வெளிச்சம் வேண்டியிருக்கவில்லை.
மைக்கின் மேல் அட்சதை பொலபொலவென்று விழுந்தது.
யாரோ ஜெனரேட்டர்காரன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.
அதற்கெல்லாம் அடியில், மிக அருகில்,
"எங்கன்னு தெரியலையே" என்று ஓர் ஆண் குரல்.
வளையல் நகர்ந்தது, பின்னலை ஒதுக்கியிருக்க வேண்டும்.
"இங்க."
போன்கள் டார்ச்சைத் தேடி எரிவதற்குள்
பதினோரு நொடி.

வெளிச்சம் வந்ததும் சித்தப்பா ஓடிவந்தார்.
"வீடியோக்காரம்மா, மறுபடி கட்டச் சொல்லுங்க."
ஐயரும் என்னைத்தான் பார்த்தார்.
மாப்பிள்ளையின் கை பாதி உயர்ந்தேவிட்டது.
"கட்டியாச்சுங்க" என்றேன்.

பென்டிரைவ் கொடுத்த மறுநாள் போன்.
அந்த இடம் கறுப்பாய்க் கிடக்கு,
ரோஜா கீஜா எதையாவது போட்டு மூடுங்க,
அப்புறம்தான் மீதிப் பணம்.
ஹெட்போன் போட்டுக் கேளுங்க என்றேன்.
வைத்துவிட்டார்.
இரண்டு வாரம்.
தவணைக்காரன் ஒரு தடவை வந்தான்.
ரோஜாக்கள் இன்னும் கம்ப்யூட்டரில்தான் இருந்தன.
ஓர் இரவு அந்தக் கோப்பைத் திறந்தேன்,
மூடினேன்.

பதினேழாம் நாள், இரவு பதினொன்றே காலுக்கு
செல்போன் அதிர்ந்தது.
பாக்கி முழுசும். அனுப்பியது சித்தப்பா அல்ல,
பெண்.
குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே சொல்:
இங்க.

தவணைக்கு நாலாயிரத்து இருநூறு எடுத்து வைத்தேன்.
மீதியில்
நல்லதாய் ஒரு மைக் வாங்க வேண்டும்.