நெகிழ்வான நேரம்

விளம்பரம் நாலு மொழியிலும் வேண்டுமென்றார் முதலாளி.
தமிழுக்கு நான்தானே.
‘நெகிழ்வான வேலை நேரம்’ என்று எழுதிவிட்டுச்
சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
உயர்நிலை இரண்டில் படித்த நெகிழ்வு வேறு:
தோள் மெலியும், வளை கழலும்,
வரவேண்டியவன் வரவேண்டிய நாளில் வராமலிருப்பான்.
இங்கே வராதவனுக்கு
இருபது வெள்ளி முன்பணம் போகும், அவ்வளவுதான்.

தஞ்சோங் பகாரில் மூன்றாம் மாடி.
நீலத் திரைச்சீலை, மரத்தொட்டி,
கந்தகம் மணக்கும் பொடி.
கியோத்தோவைப் பார்த்தேயிராத ஆறு பெண்களுக்குக்
கியோத்தோப் பெயர்கள்.
தண்ணீர் நாற்பத்தோரு பாகை.
கதவுக்குப் பின்னால் நடப்பதை நான் கேட்பதில்லை,
எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்பேன்.

என் கணினியில் அவர்கள் கட்டங்கள்.
யூக்கி: செவ்வாய், வியாழன், சனி.
மற்ற நாள்களில் அவள் அம்மாவின் ரத்தம்
இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வருகிறது.
ஹருனா செப்டம்பரில் காணாமல் போவாள்;
மகனுக்குப் பிஎஸ்எல்இ.
ஐந்தில் மூன்றை நாலால் வகுத்தால் என்னவென்று
ஈரத் தலையோடு வந்து கேட்டாள் ஒரு நாள்.
எனக்கும் தெரியவில்லை.
சயூரி ஜோகூரிலிருந்து வருபவள்.
அவள் நேரத்தைக்
கடற்பாலத்தில் நிற்கும் லாரிகள் முடிவு செய்யும்.

விரும்பும்போது வரலாம், விரும்பும்போது போகலாம்.
உண்மைதான், நான் பொய் எழுதவில்லை.
ஆனால் வந்து, உள்ளறையில் உட்கார்ந்து,
கப் நூடல்ஸ் ஆறிக் கூழாகும்வரை
யாரும் அழைக்காத மூன்று மணி நேரம்
எந்தக் கட்டத்திலும் ஏறாது.
அதற்கு என்ன நிறம் கொடுப்பதென்று
மென்பொருள் செய்தவனுக்குத் தோன்றவில்லை.
எனக்கோ ஒன்பதுக்கு ஒன்பது.
வீட்டில் ‘ஸ்பா கவுன்ட்டர்’ என்று சொல்லியிருக்கிறேன்.
அவர் அதற்கு மேல் கேட்டதில்லை.

போன புதன், மழை.
மூன்றிலிருந்து ஐந்து வரை ஓர் அறை வேண்டுமென்றாள் சயூரி.
வாடிக்கையாளர் யார் என்றேன்.
“நான்.”
நூற்றெண்பது வெள்ளி எண்ணி வைத்தாள்,
எல்லாம் பத்துப் பத்தாக.
ஊழியர் சலுகை உண்டே என்றேன்.
வேண்டாம் என்றாள்.
பணிப்பெண்?
“யாரும் வேண்டாம்.”

அந்தக் கட்டம் காலியாக இருந்தால்
திரை சிவப்பாகக் கத்தும்.
கத்தட்டும் என்று விட்டேன்.
வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில்
சயூரி என்று அடித்தேன், அழித்தேன்,
கேட்டேன்.
வோங் மெய் சான் என்றாள்.
ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லவும் செய்தாள்.

பெட்டிச் சாவியின் ரப்பர் வளையம்
ஆண் கைகளுக்கு அளவெடுத்தது.
மாட்டிக்கொண்டு, திரைச்சீலையை விலக்கக் கையைத் தூக்கினாள்;
முழங்கைவரை வழுக்கிப் போயிற்று.

நாலு மணிக்கு முதலாளி அழைத்தார்:
ஆறாம் அறை ஏன் சிவப்பு?
ஆள் இருக்கிறார் என்றேன்.
யார்கூட?
தண்ணீர்கூட என்று நாக்கு நுனிவரை வந்தது.
“ரெகுலர்தான் சார்.”

ஐந்தாகி ஏழு நிமிடம்.
கதவைத் தட்ட வேண்டும், விதி அது.
கூடுதல் நேரத்துக்குத் தனிக் கட்டணம்.
ஐந்தரைக்குப் பதிவு செய்தவர் முன்கூட்டியே வந்து
காலணியைக் கழற்றிவிட்டார்,
சயூரிக்காகத்தான்.
உட்காரச் சொல்லிவிட்டுக்
கோப்பி கலக்கப் போனேன்.
சர்க்கரை எங்கே என்று
ரொம்ப நேரம் தேடினேன்.