தலை எந்தப் பக்கம்

வட்டார வள மையத்தில் இரண்டு நாள் பயிற்சி.
தேநீர், ஒரு சமோசா, ஒரு கோப்பு.
கோப்புக்குள் ஏழு படங்கள்:
குமிழி, ஏணி, வலை என்று போய்
ஆறாவது, மீன்முள்.
தலையில் சிக்கலை எழுதுங்கள்,
முள்ளுக்கு ஒரு காரணம்,
பிள்ளைகள் யோசிப்பது பிள்ளைகள் கண்ணுக்கே தெரியும்
என்றார் பயிற்றுநர்.
குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை, ஏழாம் வகுப்பு.
பதினெட்டுப் பேரில் பதினொருவர்.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஏழு பேரும் வரவில்லை.
பள்ளிப்பட்டு போகும் வழியில் தரைப்பாலம்
திங்கள் இரவே மூழ்கிவிட்டது.
சிக்கலைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

முதுகெலும்பை இழுத்தேன். பக்கத்துக்கு மூன்று முள்.
"என்ன மீன் சார், கெண்டையா ஜிலேபியா?"
"எங்க வீட்ல முள்ள எடுத்துட்டு மீனத் தருவாங்க,
நீங்க மீன எடுத்துட்டு முள்ளத் தர்றீங்க"
என்றாள் லோகப்பிரியா.
இதற்குப் பயிற்சியில் பதில் தரவில்லை.

தலையில் எழுதினேன்: பாலம் ஏன் மூழ்கியது?
என் பாடக்குறிப்பில் விடை தயார்,
அடிக்கோடு போட்டு:
கனமழை.

முதல் முள்ளில் மழை ஏறியது. நல்லது என்றேன்.
துளசிராம் எழுந்தான்.
"மழையே இல்லியே சார். எங்க வேர்க்கடலை காயுது."
வகுப்பு முழுக்க ஜன்னலைப் பார்த்தது.
கொடியில் சத்துணவு அக்காவின் புடவை
மொடமொடவென்று காய்ந்திருந்தது.

அதன்பின் முட்கள் என்னைக் கேட்டு முளைக்கவில்லை.
மணல் லாரி.
பாலத்தின் உயரம், துளசிராம் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டிய அளவு.
பாலத்துக் குழாய்களில் சீமைக்கருவேலம், பிளாஸ்டிக், யாருடையதோ ஒரு கட்டில் கால்.
இரண்டு வருடமாய்ப் பெயர்ப்பலகையாக மட்டும் நிற்கும் புதுப் பாலம்.

ஹேமாத்ரி கடைசி பெஞ்சு.
வீட்டில் தெலுங்கு. வகுப்பில் பெரும்பாலும்
எதுவுமில்லை.
வந்து, நீலச் சாக்பீஸை எடுத்தான்.
"அக்கட வான சார்," என்றான், "இக்கட நீள்ளு."

மழையை அவன் அழிக்கவில்லை.
அதன் நுனியிலிருந்து கோட்டை நீட்டினான்.
மேலே, இடப்பக்கம்.
பலகையின் மரச்சட்டம் வந்தது. நிற்கவில்லை.
சட்டம் தாண்டி,
போன மாதம் வெள்ளையடித்த சுவரில் ஏறி,
சுவிட்சுப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு
கை எட்டும் மட்டும் போய்
ஒரு மலை வரைந்தான். அடியில் அணை.
அணைக்கு மூன்று ஷட்டர்.
"நைட்டு ரெண்டு தெறந்தாங்க. மாமா போன் பண்ணாரு."

"நம்ம ஊருக்கு யாரு சார் போன் பண்ணணும்?"
ஒரு முள்ளில் அதையே எழுதிவைத்தோம்,
கேள்விக்குறியோடு.

இரண்டு நாள் யாரும் அழிக்கவில்லை.
கணக்கு வாத்தியார்
ஓரத்தில் இடம் பார்த்துப் பின்னங்களைப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்து தேசம்மா வந்தாள்.
மீனின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.
"இதுல நாங்க ஏழு பேரு எங்க சார்?"
முள் என்பது காரணத்துக்கு, என்றேன்,
நீங்கள் வராதது விளைவு.
"விளைவுக்கு முள்ளு கெடையாதா?"
கோப்பை எடுத்து ஏழு படங்களையும் புரட்டினேன்.
அதற்குள் அவள்
அதே தலையிலிருந்து இன்னொரு முதுகெலும்பை
எதிர்த்திசையில் இழுத்துவிட்டிருந்தாள்.
வராத மூன்று நாள்.
ஊற்றிவிட்ட பால்.
அண்ணியோடு ஆஸ்பத்திரிக்குச் சுற்றிப் போன
பதினாறு கிலோமீட்டர்.

ஒரே தலை, இரண்டு உடம்பு.
என்ன மீன் என்று யாரும் கேட்கவில்லை.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.
"சுவரு," என்றார். போய்விட்டார்.

கடைசி மணி. பலகை துடைக்கும் முறை ஹேமாத்ரிக்கு.
ஈரத்துணியால் மூலை விடாமல் துடைத்தான்.
மரச்சட்டம் வரைக்கும்.
சுவரைத் தொடவில்லை.
நானும்
சொல்லவில்லை.