நாலு மணிச் சங்கிலி

லான் ஆற்றங்கரைச் சனிச்சந்தையில்
ஒட்டீலியே அதைக் கரண்டிகளோடு போட்டிருந்தாள்.
கமரா முப்பது யூரோ, சங்கிலி தனியே ஐந்து.
"உளவாளியுடையது" என்றாள்
விலை இறங்காதிருக்க.

தீப்பெட்டி மாதிரி இழுத்தால் கண் திறக்கும்,
தள்ளினால் மூடும்.
ரீகாவில் பிறந்து, போர் முடிந்தபின்
இந்தக் கீசனில் மறுபடி பிறந்த இனம்.
(எனக்கும் இங்கேதான் முதல் முத்திரை,
எண்பத்தாறில், முகாமின் மூன்றாம் யன்னலில்.)

வில்லைக்கு ஓரங்கள் மங்கினவாம்.
அதோடு மல்லுக்கட்டாமல்
பிலிமையே சற்று வளைத்து உட்காரவைத்தார்கள்.
அந்தக் கெட்டித்தனம் எனக்குப் பிடித்தது.

சங்கிலியில் நாலு மணி:
இருபது, இருபத்துநாலு, முப்பது, நாற்பது சென்டிமீற்றர்.
பொருளைத் தொட்டு இறுக்கிப் பிடித்தால்
தூரம் தப்பாது.

உள்ளே யாரோ விட்டுப்போன சுருள்.
குளியலறையை இருட்டாக்கிக் கழுவினேன்.
சுண்டுவிரல் நகத்தளவில்
முப்பத்தொரு படங்கள் தேறின.
பூதக்கண்ணாடி பிடித்த கை கொஞ்சம் நடுங்கியது, உண்மைதான்.

மின்மானி.
முப்பத்தொன்றிலும் அதே மின்மானி,
மாதத்துக்கு ஒன்றாக.
பக்கத்தில் ஒட்டிய துண்டுச்சீட்டில்
தேதி, "எவால்ட் கிரேமர், மூன்றாம் மாடி".
வீட்டுக்காரனோடு வழக்குப்போலும்.

ஒன்றில் மட்டும்
மானியின் கண்ணாடியில் அவரே விழுந்திருக்கிறார்.
சங்கிலி அளந்தது எண்கள் வரைக்கும்தான்,
பிம்பம் அதற்கு இரட்டைத் தூரம்.
ஆகவே ஒரு கலங்கல், மூக்குக்கண்ணாடியாக இருக்கலாம்,
அதன் நெற்றிக்கு மேலே,
ஊசிமுனைத் தெளிவில்,
சுழியம் நாலு ஒன்று ஒன்று ஏழு.