ஏழில் நான்காவது

கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது.
கீழே சீட்டு: ஒட்டீலியே பிராம்காம்ப்,
மரச்செதுக்கு அச்சு, 1947, தலைப்பில்லை.
தலைப்பு இருந்தது.
விரல் மரத்த ஓர் இரவில் அவள் வைத்தது.
கெட்ட வார்த்தை; நான் சொல்லமாட்டேன்.

அந்த ஜனவரியில் ஹாகன் நகரத்தில்
பூங்கா இருந்தது, பெஞ்சு இல்லை.
பெஞ்சைத் திருடியவன் வீட்டு மாடிக் கைப்பிடியை
இன்னொருவன் திருடினான்.
நகராட்சி எங்கள் மூவருக்கும் ஒரே அறையை எழுதித் தந்தது:
அவள், நான், என் மகன் ஏகோன்.
எனக்கு டிராமில் சீட்டுக் கிழிக்கும் வேலை.
அவளுக்கு,
பக்கத்துத் தெரு இடிபாட்டிலிருந்து
தோளில் சுமந்து வந்த ஓர் அலமாரிக் கதவு.
பேரிக்காய் மரம். மூன்று நாள் அடுப்புக்குக் காணும்.
அதை மேசையில் கிடத்தி
உளியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பைத்தியமா உனக்கு, என்றேன்.
சுருள் உனக்கு, பலகை எனக்கு, என்றாள்.

அவ்வளவுதான் ஒப்பந்தம்.
எடுத்ததெல்லாம் என் அடுப்பில்.
விட்டதெல்லாம் கறுப்பு.

மை: புகைக்குழாயில் வழித்த கரியும்
ஆளிவிதை எண்ணெயும்
(கிழங்கு வதக்க நான் ஒளித்து வைத்திருந்த எண்ணெய்.
ஒரு வாரம் அவளோடு பேசவில்லை).
தாள்: இனி யாருக்கும் உதவாத
இராணுவ வரைபடங்களின் முதுகு.
தேய்த்தது என் சூப்புக் கரண்டியால்.

முதல் பிரதியைப் பார்த்து ஏகோன் "முயல்!" என்றான்.
அவள் குனிந்தாள். ஆமாம், காது மாதிரி ஒன்று.
மறுநாள் காது இல்லை.
நான் புகைபோக்கி என்றேன்; போயிற்று.
வீட்டுக்காரி க்ரேவே அம்மாள் சிலுவையைக் கண்டு
நெற்றியைத் தொட்டுக்கொண்டாள்.
அன்றிரவு அந்தச் சிலுவையில்
சிக்கரி காய்ச்சிக் குடித்தோம்.

"பன்னிரண்டு வருஷம்
கோதுமை வரை, புஜம் வரை என்றார்கள்.
வரைந்தேன்."
இதற்கு மேல் ஒருநாளும் சொன்னதில்லை.
உளி முனையிலிருந்த தூசியை ஊதினாள்.

கீழ்த்தளத்து நீஹூஸ் உப்புக் கேட்டு வந்தார்.
பலகையின் வலது மூலையில் கண் நின்றுவிட்டது.
"எங்கள் ஹார்ட்முட்டின் தோள்.
இப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்."
வோல்காவுக்குப் போனவன்.
கடிதம் நின்று நான்கு வருஷம்.
உப்பை வாங்காமலே இறங்கிப் போனார்.

இரண்டு நாள் அவள் உளியைத் தொடவில்லை.
இரண்டு நாள் அடுப்பும் இல்லை.
மூன்றாம் நாள் கிண்ணத்தில் பால் கல்லாயிற்று.
ஏகோன் நாய் குரைப்பதுபோல் இருமினான்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்க்கவில்லை.
பிறகு கேட்டது,
இழை பிரியும்போது பேரிக்காய் மரம் போடும்
சின்னச் சீழ்க்கை.

இரவு நீஹூஸ் மறுபடி வந்தார், அதே உப்புக்கு.
நாற்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டேன்.
இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார்.
மேசைப் பக்கம் திரும்பவேயில்லை.
"நல்ல விறகு," என்றார்.

பிப்ரவரி முடிவதற்குள் பலகையும் போயிற்று.
ஏழு தாள் மிச்சம்.
ஒன்றுக்கு அரை மூட்டை நிலக்கரி கிடைத்தது,
ஒன்றை எலி தின்றது,
மற்றவை எப்படி எங்கே போயினவோ.

இன்று ஒரு வழிகாட்டி, மெல்லிய குரல்,
பள்ளிப் பிள்ளைகளை இதன் முன்னால் நிறுத்துகிறான்:
"இந்த வெண்மையைக் கவனியுங்கள்.
போருக்குப் பிந்தைய வெறுமை."
வெறுமையா?
வெம்மை, தம்பி.
அந்த வெள்ளை முழுவதும் வெம்மை.

பிள்ளைகள் நகர்ந்துவிட்டார்கள்.
பலகையின் வலது, அச்சில் இடது.
இடது மூலையில் வெள்ளையாய் ஒரு சரிவு.
அதற்கு நேரே
இரண்டு கையையும் நீட்டுகிறேன்.

தொடாதீர்கள் அம்மா, என்கிறார் காவலாளி.

தொடவில்லை ஐயா.
குளிர்காய்கிறேன்.