வியாழன், நாலரை மணி வரை

ரிசல்ட் நாலரைக்குத்தான் என்று
கவுன்டரில் இருந்த பெண் சொன்னபோது
மணி ஒன்பதே முக்கால்.
"கோட்டைக்குப் போலாம்க்கா" என்றான் தணிகாசலம்,
கல்யாண வீட்டில் பந்தி தாமதம் என்பதுபோல.

நாற்பது வருஷமாக வேலூருக்கு வருகிறோம்.
செய்யாறு, ஆரணி, கண்ணமங்கலம்,
அப்புறம் நேராக ஆஸ்பத்திரி வாசல்.
அம்மாவுக்குச் சிறுநீரகம், சித்தப்பாவுக்கு இதயம்,
எனக்கு ஒருமுறை காது.
பஸ் ஜன்னலின் அளவுக்குத்தான்
கோட்டை எங்களுக்கு.

லாட்ஜ் சந்தில் வங்காள எழுத்தில் ஒரு மீன்சாப்பாட்டுப் பலகை.
எக்ஸ்ரே உறையைத் தலைக்கு மேல் பிடித்தபடி
ஒரு குடும்பம் வெயிலைக் கடந்தது.
மக்கான் சிக்னலில் நினைவுத் தூண்.
"ஆயிரத்து எண்ணூத்தி ஆறு, ஜூலை பத்து."
எட்டாம் வகுப்பில் நெட்டுரு போட்டதைப்
பிசகாமல் சொன்னான்.
அப்புறம் என்னடா ஆச்சு என்றேன்.
"விடியறதுக்கு முன்ன ஆரம்பிச்சாங்க.
மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிபோச்சி."
அகழி வரைக்கும் இருவரும் பேசவில்லை.

சாமியில்லாக் கோயில் என்று
சொலவடை வைத்திருந்த ஊர் இது.
சாமி திரும்பி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன;
சொலவடைதான் போக இடமில்லாமல்
ஆட்டோக்காரர்கள் வாயில் இருக்கிறது.
நான் கண்ணை மூடி நின்றேன், கொஞ்சம் அதிக நேரம்.
அவன் கல்யாண மண்டபத்தில்
யாளியின் பற்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

மியூசியத்தில் டிக்கெட் கிழித்தவர்
அவன் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

பஞ்சு அடைத்த கரடி ஒன்று
கண்ணாடிக் கண்ணால் எங்களைத் தாண்டிப் பார்த்தது.
"இதுக்கும் உள்ளாற பஞ்சுதான்" என்று கையைக் காட்டினான்.
சிரிக்காதே என்று நினைத்தேன்; சிரித்துவிட்டேன்.

நடுகல் முன்னால் வெகுநேரம் நின்றோம்.
மாடு மீட்கப் போய் மடிந்தவன்.
உடம்பில் அம்புகள், கையில் இன்னும் வில்,
காலடியில் ஒரு சின்ன நாய்.
எழுத்து பாதி தேய்ந்திருந்தது.
ஊர் பெயர் மிச்சம்; அவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
கல்லின் சொரசொரப்பு.
"மாட்டுக்காகச் செத்திருக்கான் பாரு.
நாம முக்கால் ஏக்கருக்குப் போயி
ரெண்டு வருஷம் பேசிக்கல."
முதல் தடவையாக அதைச் சொன்னது அவன்தான்.
நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது யாரையும் விட்டு ஓடுவதாக இல்லை.

கண்டி ராஜாவின் தந்தச் சதுரங்கம் என்று ஒரு பெட்டி.
பிறந்த மண்ணை விட்டு வந்து
இங்கே அடைபட்டிருந்த மனிதர்
யாரோடு ஆடியிருப்பார்?
"ஜெயிச்சி என்ன பண்ணப்போறாரு" என்றான் தணி.
"பொழுது போவணுமில்ல" என்றேன்.
சொன்ன பிறகுதான் மணி பார்த்தேன்.
மூன்று.

கோட்டைப் புல்தரையில் வெள்ளரிப் பிஞ்சு.
உப்பும் மிளகாய்த்தூளும் அவனுக்குக் கூடாது;
இரண்டையும் தூவச் சொன்னான், நான் தடுக்கவில்லை.
பத்திரம் என் பீரோவில்தான் இருக்கிறது என்றேன்.
"இருக்கட்டுமே" என்றான்.
விரலில் ஒட்டிய தூளை
சட்டையில் துடைத்தான், எப்போதும்போல.

நாலரைக்குக் கவுன்டரில் நாற்பது பேர்.
நாலு ஐம்பதுக்கு அந்தப் பெண்
கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள்:
"இன்னொரு தடவை பாக்கணும்னு சொல்றாங்க.
நாளைக்கு நாலரைக்கு வாங்க."
இன்னொரு தடவை என்றால் நல்லதா கெட்டதா
என்று கேட்க வாயெடுத்தேன்.
பின்னாலிருந்து ஒரு கை
தன் டோக்கனை நீட்டியது.

வெளியே வந்து நின்றோம்.
ஆரணி பஸ் கத்திக்கொண்டே போனது.
"நாளைக்கு வெள்ளிக்கிழமை.
மியூசியம் லீவு, போர்டுல பாத்தேன்" என்றான்.
ஆமாம் என்றேன்.
"அந்த ராஜாவை எங்க பொதச்சாங்களாம்?"
பாலாற்றங்கரையில், முத்து மண்டபம் என்றேன்.
"தூரமா?"
இல்லை, டவுன் பஸ் போகும்.
"அப்ப ரூம் போட்டுடு. ரெண்டு கட்டில் இருக்கிற மாதிரி"
என்றவன், பஞ்சை உரித்து
எங்கே போடுவது என்று தெரியாமல்
பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.