நூறு விழுக்காடு

ஆலங்கட்டி விழுந்த மறுநாள்தான்
என் நினைப்பு வரும் இவர்களுக்கு.
விபாவா பள்ளத்தாக்கில்
காப்பீட்டுக் கம்பெனியின் ஒரே மதிப்பீட்டாளன் நான்.
ரப்பர் பூட்ஸ், அட்டை, பென்சில்
(ஈரத்தில் பேனா எழுதாது).
வரிசைக்குப் பத்துக் கொடி,
கொடிக்கு நான்கு குலை,
உடைந்தது எத்தனை, பிழைத்தது எத்தனை.

எண்ணி முடித்ததும்
கிளாஸ் வந்துவிடும்.
விதிமுறை பதினொன்று: பரிசில் எதுவும் பெறலாகாது.
"பரிசா? தாகத்துக்குய்யா" என்பார் லுத்விக்.

இப்படித்தான் அறிமுகம்,
எந்தக் கடைத் தட்டிலும் ஏறாத பெயர்களோடு.
லுத்விக்கின் பினேலா,
பச்சை ஆப்பிளை நறுக்கிய கத்தியை
நக்கியது மாதிரி.
ஸோரானும் தாடேயாவும்
ஸெலெனை அகேசியா பீப்பாயில் உறங்க வைப்பார்கள்;
அதில் ரோஸ்மேரி மணக்கும் என்று பேச்சு.
எனக்கு எப்போதும்
முதல் தூறல் விழுந்த தார்ச்சாலைதான்.
மேல்தெருவில் அண்ணன் தம்பி,
பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷம்,
ஒரே நிலவறை,
நடுவே சாக்கட்டிக் கோடு.
இடப்பக்கத்து ஒயின் மேல்.
இதை வலப்பக்கத்துக்கும் சொல்லவில்லை,
இடப்பக்கத்துக்கும் சொல்லவில்லை.

மிலோய்கா ஊற்றியதே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன், ஆகஸ்ட் பத்தொன்பது.
வாதுமைக் கொட்டை பருமனில் விழுந்திருந்தது.
இறகு பிடுங்கிய கோழிகளாய் நின்றன கொடிகள்.
சரிவின் உச்சிவரை ஏறி, இறங்கி,
சேதம் என்ற கட்டத்தில்
நூறு என்று எழுதினேன்.
"நூறு என்றால்
ஒன்றுமே இல்லை என்றா?"
"ஆமாம். கையெழுத்து இங்கே."
படிக்காமல் போட்டாள்.

இந்த மே மாதம்
புது வலைகளுக்குத் தவணைக் கழிவு,
அதற்காகப் போனேன்.
மேசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி.
அவள் மகனைப் பார்த்தாள்.
மகன் ஜன்னலைப் பார்த்தான்.
பிறகு படியிறங்கிப் போய்
லேபிள் இல்லாத பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தான்,
கழுத்தில் நீலநூல்.

பால் விடாத தேநீரின் நிறம்.
நாரத்தைத் தோலின் கசப்பு வந்தது,
உப்பு வந்தது,
எல்லாம் போய்விட்டது என்று கிளாஸை வைத்தபின்
தாமதமாக இன்னொன்று வந்தது;
அதற்கு என்னிடம் சொல் இல்லை.
தழும்பு கட்டிய தோல்
அப்படித்தான் தடிக்கும் போலும்.

"எந்த வருஷம்?"

ரேடியோ மட்டும்
வானிலை சொல்லிக்கொண்டிருந்தது.

"கல்சுவர் ஓரம், கடைசி வரிசை," என்றாள்,
"இலைக்கடியில் நீங்கள் பார்க்காதது.
கத்தரிக்கோலுக்கு வேலையில்லை,
ஒவ்வொரு பழமாக.
இவன் ஐஸ்கிரீம் டப்பாவில் பொறுக்கினான்.
நாற்பத்தொரு பாட்டில்."

வழக்கமாக இரண்டாயிரம் எடுக்கும் நிலம்.
மனம் தானாகக் கணக்குப் போட்டது:
இரண்டு விழுக்காடு,
கொஞ்சம் கூட.
ஆக, நான் எழுதியது பொய்.
அதற்கான சாட்சியத்தைப்
பாதிக்குமேல் குடித்தாயிற்று.

அலமாரியிலிருந்து ஓர் உறை எடுத்துவந்தாள்.
மூலைகள் பழுத்திருந்தன.
"உங்கள் கம்பெனியின் இரண்டு விழுக்காடு.
எப்படித் திருப்புவது என்று
யாரைக் கேட்பது?
கேட்டால் சொன்னதாகிவிடுமே."

என் அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.
மறுமதிப்பீடு உண்டு, மேல்முறையீடு உண்டு,
பிழைத்த பழம் தானே வந்து
ஒப்புக்கொள்வதற்கு
ஒன்றும் அச்சடிக்கவில்லை.

விதிமுறை பதினொன்றைச் சொல்லி
உறையை அவள் பக்கம் தள்ளினேன்.
கிளாஸை என் பக்கத்திலிருந்து நீட்டினேன்.

"மீதி எத்தனை?"
"பதினேழு."
பழக்கதோஷம், கை பென்சிலைத் தேடியது.
காதில்தான் இருந்தது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நானோஸ் மலைக்கு மேலே
வெள்ளையாக ஏதோ திரண்டது.
பையன் எழுந்து
வலைகளைப் பார்க்கப் போனான்.