கடைசி ஐந்து

ஆகஸ்ட். ஷார்ஜா, சனாயா பதின்மூன்று.
தண்ணீர்க் கம்பெனியின் மாடியில்
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.
என் முன்னால் நாற்பத்தோராயிரம் வரிகள்.
ஒவ்வொரு வரியும்
யாரோ தோளில் ஏறி
யாரோ வாசலில் இறங்கிய
ஐந்து காலன் கேன்.

"டிரைவர் வாரியாக விற்பனை.
அதில் கடைசி ஐந்து பேர்.
மூன்று மணிக்குள்" என்றார் முதீர் ஹைதம்.
கெட்டவரில்லை.
என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு
இரண்டு முறை முன்பணம் தந்தவர்.

பிவோட் டேபிள் போடுவது சுலபம்.
பெயரை இடப்பக்கம் இழு.
மாதத்தை மேலே இழு.
திர்ஹத்தை நடுவில் விடு.
ஒரு வருஷத்து வெயில்
ஒரு திரைக்குள் மடிந்துவிடும்,
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.

முப்பத்தெட்டு டிரைவர்கள் உள்ள கம்பெனியில்
நாற்பது பெயர்கள் வந்தன.
திரையில் விரல் வைத்து எண்ணினேன்.
முகைதீன் பிச்சை.
மொய்தீன் பிச்சை.
பிறகு, பிச்சை இல்லாமல், வெறும் மொஹிதீன்.

பாஸ்போர்ட்டில் ஒன்று, லைசென்சில் ஒன்று,
பில் போடும் பையன் காதில் விழுந்தது ஒன்று.
தொண்டிக்காரர் ஒருவரை
மூன்று கூறாக்கி
மூன்றையும் அடியில் வைத்திருந்தது அட்டவணை.
கடைசி ஐந்தில் மூன்று அவரே.

மூன்று எழுத்துக்கூட்டலையும் ஒன்றாக்கி
ரிஃப்ரெஷ் அழுத்தினேன்.
மனிதர் ஒட்டிக்கொண்டு எழுந்தார்.
மேலிருந்து ஒன்பதாவது.
நாற்காலியில் சாய்ந்தேன்,
டீ ஆறியிருந்தது, ஆனாலும் குடித்தேன்.

அப்புறம்தான் பார்த்தேன்.
காலியான மூன்று இடங்களும்
காலியாக இல்லை.
குல் ஜமான். தில் பகதூர். மொஃபிசுல்.
பிழையை விட்டிருந்தால்
மூன்று பேரோடு முடிந்திருக்கும்.
நான் திருத்தினேன்,
இப்போது முழுசாக ஐந்து பேர்.

பிவோட்டில் ஓர் எண்ணை இருமுறை தட்டினால்
அதற்குள் புதைந்த வரிகளெல்லாம்
புதிய தாளில் எழுந்து வரும்.
குல் ஜமானின் ஜூலையைத் தட்டினேன்.
பதினோரு வரி. ஐந்தாம் தேதியோடு சரி.
'குறிப்பு' என்றொரு பத்தி இருக்கிறது,
யாரும் நிரப்பியதில்லை, நானும்தான்.
மாவுக்கட்டுக் கையோடு
படிக்கட்டில் ஒரு பட்டான் நின்றது நினைவிருக்கிறது.
அவர்தானா?
முகத்தைப் பார்க்கவில்லை,
ஃபைல் என் முகத்தை மறைத்திருந்தது.

கூட்டுத்தொகையை எண்ணிக்கையாக மாற்றினேன்.
தில் பகதூர் சரசரவென்று மேலேறினார்:
பள்ளிவாசலுக்குப் போன கேன்கள்
முந்நூற்றுப் பன்னிரண்டு, விலை பூஜ்யம்.
அவர் ஏறிய வேகத்தில்
அந்தோணிராசு உள்ளே விழுந்தார்.
நேற்று அவர்தான் கீழே கூலரில்
கேனைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.
அந்தக் கேனுக்கு பில் கிடையாது.
எப்படி இழுத்தாலும்
கடைசி என்பது
யார் பெயரிலாவது இருக்கிறது.

இரண்டு ஐம்பது.
ஃபில்டரின் சின்னக் கட்டத்தில்
ஐந்து என்றிருந்தது.
அழித்துவிட்டு
பூஜ்யம் அடித்தேன்.

ஒன்றுக்குக் குறையக் கூடாது
என்றொரு பெட்டி எழுந்தது.
அதில் 'சரி' தவிர
வேறு பொத்தான் இல்லை.